துண்டுக்கடியில் மரகதம் சொன்னது

சரக்குக் கிட்டங்கிக்குள்ளிருந்து அந்த அலறல் வந்தபோது நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

அடுக்கி வைத்த ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் மரகதம் நின்றுகொண்டிருந்தாள். தன் மணிக்கட்டைத் தானே கடித்தபடி வீறிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். சுமைக்காரர்கள் சுற்றி நின்று கையைப் பிசைந்தார்களே தவிர, ஒருவரும் கிட்டே போகவில்லை. தொட்டால் அலறல் இன்னும் கூடும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

மரகதம் என் கணவருடைய அண்ணன் மகள். பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. காது நன்றாகக் கேட்கும். முறத்தில் காய் உருளுகிற சத்தத்துக்குத் திரும்புவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டாள்.

இன்றைக்கு இதை ஆட்டிசம் என்கிறார்கள். அன்றைக்குப் போடியில் புழங்கிய பெயர்கள் வேறு. காத்து சேட்டை என்றார்கள், கிரகம் சரியில்லை என்றார்கள். பெற்றவள் செய்த பாவம் என்று சொன்ன புண்ணியவதிகளும் உண்டு. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் கடைசிவரை போகவில்லை.

வாசனை பிடித்த வீடு

சிலமலையிலிருந்து போடிக்குக் கல்யாணமாகி வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, ஏலக்காய் வியாபாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் கொடுத்து வைத்தவள் என்று எழுதியிருக்கிறார். அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாயசத்தில் இரண்டு காய் தட்டிப் போட்டால் அது வாசனை. குடிக்கிற தண்ணீரிலும் தலையணையிலும் கட்டிய சேலையிலும் இருபத்துநாலு மணி நேரமும் அடித்தால் அது தலைவலி. சாணமும் வைக்கோலும் மணக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். முதல் மாதம் முழுக்க நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டே திரிந்தேன்.

முன்னால் கமிஷன் கடை, நடுவில் முற்றம், பின்னால் கிட்டங்கி. மாடியில் நாங்கள். ஜன்னலைத் திறந்தால் மலை. மழைக்காலத்தில் மலை இருக்கிற இடமே தெரியாது. மேகம் விலகினால் யாரோ கழுவி வைத்ததுபோல் பச்சையாக நிற்கும்.

என் கணவர் வாயாடி. அவருடைய அண்ணன் அதற்கு நேர் எதிர். எங்கள் வீட்டில் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். புருஷனின் அண்ணன் எதிரில் நின்று பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவர் வருகிற சத்தம் கேட்டாலே நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அந்த வீட்டுக்கு வந்து வருஷம் சில ஆகியும் அவருக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு என்பதே கிடையாது. எது சொல்வதானாலும் என் கணவர் வழியாகத்தான்.

பெரியவருடைய மனைவி சௌந்தரம் அக்கா. மரகதத்தைப் பெற்றவள். அந்தச் சமயம் மறுபடி மாசமாக இருந்தாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே தோழி அவள்தான்.

குரங்கணி ரோட்டில்

மரகதம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். கதவு திறந்திருந்தால் வெளியேறிவிடுவாள். வெளியேறினால் மலையைப் பார்த்து நடப்பாள். அந்த அலறலுக்குச் சில வாரம் முன்னால் அப்படித்தான் காணாமல் போனாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் தேடினோம். பொழுது சாயும் நேரம் குரங்கணி ரோட்டில் ஒரு ஜீப்புக்காரர் கண்டெடுத்துக் கொண்டுவந்து விட்டார். தேவாரம் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவளோ ஜீப்பின் முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து ஜீப்பு என்றால் அவளுக்கு உயிர்.

அன்றைக்குத்தான் பெரியவர் முடிவெடுத்தார். தெற்கே ஒரு கோயில் இருக்கிறது, மனம் பேதலித்தவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள், சீசன் முடிந்ததும் மரகதத்தையும் அங்கே விட்டுவிடலாம் என்றார். அங்கே சங்கிலி போடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். என் கணவரிடம் அவர் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "ஒரு நா யானை காலுல கெடப்பா, இல்ல கெணத்துல கெடப்பா. வீட்டுல கட்டிப்போட என் கைக்கு வராதுடா. அங்க சாமி பாத்துக்கிறட்டும்."

சௌந்தரம் அக்கா எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒரு மத்தியானம் சொன்னாள். "தனம், என்னா வேணும்னு அவ ஒரே ஒரு தடவ சொல்லிட்டாப் போதும். அவுக அப்பாகிட்ட நான் மல்லுக்கட்டிருவேன். ஒண்ணுமே இல்லாம எதைக் காட்டிக் கேக்கட்டும்?"

சீசன் முடிய அதிக நாள் இல்லை.

குடை மூட்டை

இனி கிட்டங்கிக்குத் திரும்புகிறேன்.

மலையிலிருந்து சரக்கு இறக்குகிறவர்களுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு படம் உண்டு. குடை, மணி, மான், கிளி என்று தகரத்தில் வெட்டிய அச்சை மூட்டைமேல் வைத்து, கறுப்பு மசி தொட்டு இழுத்துவிடுவார்கள். அதற்கு மார்க் என்று பெயர். கிட்டங்கியில் குடை மார்க் எல்லாம் ஒரு வரிசை, மணி மார்க் எல்லாம் ஒரு வரிசை.

அலறுகிற பிள்ளை எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தேன். மணி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையின் நடுவில், அவசரத்தில் இறக்கிய ஒரு மூட்டை. குடை மார்க்.

அதைத் தூக்கிக் குடை வரிசையில் போடச் சொன்னேன். சுமைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போட்டார். அலறல் அந்த நிமிஷமே நின்றது. மரகதம் வாயிலிருந்து மணிக்கட்டை எடுத்தாள். போய் அந்தக் குடையின்மேல் விரலை ஓட்டினாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் முற்றத்துக்குப் போய்விட்டாள்.

நான் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இவள் எதையுமே பார்க்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நாங்கள் இடம் மாற்றி வைத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு உடம்பெல்லாம் எனக்கு ஏறிய சிலிர்ப்பு இதை எழுதும்போதும் ஏறுகிறது.

நான் வரைந்த குடம்

படம் தெரிகிற பிள்ளைக்குப் படத்தாலேயே பேசினால் என்ன என்று தோன்றியது. சேலைப் பெட்டி அட்டையைத் துண்டு துண்டாக வெட்டினேன். கடையிலிருந்து மசி கொண்டுவரச் சொல்லி, குடம், சோற்று வட்டில், ஊஞ்சல், ஜீப்பு என்று தடிதடியாக வரைந்தேன். எனக்கு வரையத் தெரியாது. ஊஞ்சலைப் பார்த்துவிட்டு என் கணவர், தூக்குமேடை எதற்கு என்று கேட்டார்.

குடத்தின் படத்தைக் காட்டி, கூடவே தண்ணீரும் கொடுத்தேன். அவள் தண்ணீரைக் கண்டுகொள்ளவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். குடத்து மூடிமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வட்டில் அட்டை வட்டில்மேல் போய் உட்கார்ந்தது. ஊஞ்சல் அட்டை ஊஞ்சல் பலகைமேல். நாள் கணக்காக இதே கதைதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா? மார்க்கைப் பார்த்தால் இது எந்த வரிசைக்குப் போக வேண்டியது என்று மட்டும்தான் அவளுக்கு யோசிக்கத் தெரியும். வேண்டியதைக் கேட்பதற்கு மார்க் என்று அந்த வீட்டில் யார் அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள்?

வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். அட்டைகளை மட்டும் யாரும் எடுக்கவேண்டாம் என்று சொல்லி வைத்தேன். எடுத்தால் கத்துவாள் என்ற பயம்தான், வேறு காரணமில்லை.

ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். முழங்காலில் ஏதோ இடித்தது. திரும்பினால் மரகதம். மலையைப் பார்த்தபடி நிற்கிறாள். அவள் கையில் குடம் அட்டை. அதன் முனையால்தான் என்னை இடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். மடமடவென்று குடித்தாள், கடைசிச் சொட்டுவரை. செம்பை என்னிடம் தந்துவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டுபோய்க் குடத்தின்மேல் பழையபடி வைத்தாள்.

அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்று. அவள் கண்டுபிடித்தது வேறொன்று. மூட்டை அதன் மார்க் இருக்கிற இடத்துக்குப் போகும் என்றால், மார்க்கைக் கொண்டுபோனால் மூட்டை அங்கே வரும் என்று அவளாகவே திருப்பிப் போட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வட்டில் அட்டை சௌந்தரம் அக்காவின் இடுப்பில் இடித்தது. அக்கா போட்ட சோற்றை நான்கு பேர் சாப்பிட்டிருக்கலாம். ரசம் தரையெல்லாம் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் போட முடியாத சொல்

என் கணவர் இதை அண்ணனிடம் சொன்னார். பெரியவர் அப்போது பாதி நாள் மலையில்தான் இருப்பார். கேட்டுவிட்டு, நாய்க்குட்டிகூடப் பழக்கினால் தட்டைக் கவ்விக்கொண்டு வரும் என்றாராம். பேச்சு சுருக்கென்று தைத்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத்தான் வழியில்லை. அதற்கு இன்னமும் மணிக்கட்டைக் கடிக்கத்தான் வேண்டியிருந்தது.

வேண்டாம் என்பதை எப்படி வரைவது? குடத்தை வரைந்து குறுக்கே இரண்டு கோடு போட்டுக் காட்டினேன். அவள் அதை ஏதோ புது எஸ்டேட் மார்க் என்று எடுத்துக்கொண்டாள். கோடு போட்ட குடம் எங்கே இருக்கிறது என்று மாடி, முற்றம், கிட்டங்கி எல்லாம் அலைந்தாள். அன்றோடு என் சாமர்த்தியம் தீர்ந்துபோயிற்று.

மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தது கடைதான்.

எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, சேர்த்த கைகள்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் விரல்தான் விலை பேசும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒருவர் கூரையைப் பார்ப்பார், மற்றவர் தெருவைப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்வார்கள். சம்மதம் என்றால் முழுக்கையையும் இறுகப் பிடித்துவிடுவார்கள். பிடித்துவிட்டால் பிடித்ததுதான், மறுபேச்சு கிடையாது. பெரியவர் இதில் கெட்டிக்காரர். துண்டுக்கடியில் லட்சம் போனாலும் அவர் முகத்தில் ஈ உட்கார்ந்த அடையாளம்கூடத் தெரியாது என்பார்கள்.

மரகதம் முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்து இதைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். சத்தம் போடாததால் யாரும் விரட்டவில்லை. ஒருநாள் தரகர்கள் போனபிறகு என் கணவர் மடியில் துண்டைப் போட்டபடி ஏதோ யோசனையில் இருந்திருக்கிறார். அவள் எழுந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுக்கடியில் கையை நுழைத்துவிட்டாள்.

யாரும் தொடப் பொறுக்காத பிள்ளை. அவர் மூச்சைக்கூட விடாமல் என்னை ஜாடையால் கூப்பிட்டார். நான் போனதும் கிசுகிசுப்பாகச் சொன்னார். "தனம், அந்த வட்டில் அட்டயக் கொண்டா. மெள்ள."

அப்போதுதான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். அட்டையைக் காட்டினோம். முழங்கை பின்னால் நகர்ந்தது, கையை உருவிக்கொண்டாள். ஊஞ்சலைக் காட்டினோம். கை உள்ளே போயிற்று. பிடித்துவிட்டாள் என்று என் கணவர் முகமே சொல்லிற்று. அவர் வியாபாரத்துக்கு லாயக்கில்லாத முகக்காரர்.

துண்டுக்கு அடியில் நடப்பதை அவள் எங்கே பார்த்தாள்? வெளியே தெரிகிற முழங்கை அசைவையும், அதன்பிறகு மூட்டை நகர்கிறதா நிற்கிறதா என்பதையும் வைத்தே கணக்குப் போட்டிருக்கிறாள். நான் படித்தவளில்லை. ஆனாலும் பெரிய அறிவு ஒன்றின் பக்கத்தில் நிற்கிறோம் என்பது அன்றைக்குத் தெரிந்தது. கும்பிடத் தோன்றிற்று.

கோபமும் வந்தது. இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் முகம் பார்க்காமல் வாய் திறக்காமல் பேசினால் அது சாமர்த்தியம், இந்தப் பிள்ளை செய்தால் காத்து சேட்டையா என்று என் கணவரிடம் பொரிந்தேன். அதை அண்ணனிடம் போய்ச் சொல்லேன் என்று அவர் சிரித்தார்.

அவரே போய்ச் சொன்னார். துண்டு விளையாட்டுச் சாமான் இல்லை என்று பெரியவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தகரப் பெட்டி

சீசன் முடிந்தது. குறித்த நாளும் வந்தது.

காலையில் ஜீப்பு வாசலில் நின்றது. ஜீப்பு அட்டையைக் காட்டினால் அவளாகவே ஏறிவிடுவாள், அழுகை இல்லாமல் போய்விடலாம் என்று பெரியவர் சொல்லி அனுப்பினார். நான் மாட்டேன் என்றேன். அந்த அட்டைகளில் அதுவரை ஒரு பொய்கூட இல்லை. என் கணவர் தயங்கித் தயங்கி அதை அண்ணன் கையில் கொடுத்தார்.

சௌந்தரம் அக்கா மகளின் பாவாடைகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வெளியூர் போகிற சாமான் என்று கடை ஆள் ஒருவர் பழக்கதோஷத்தில் மசியை எடுத்துப் பெட்டிமேல் ஒரு நட்சத்திர மார்க் இழுத்துவிட்டார். பெட்டி மாறிப்போகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

மரகதம் வந்து பார்த்தாள். அந்த வீட்டில் வெளியூருக்கு மார்க் போட்டு எடுத்து வைத்த எதுவும் திரும்பி வந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். மூடியிடுக்கில் அவளுடைய பச்சைப் பாவாடையின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. மணிக்கட்டைக் கடிக்கவில்லை. பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, ஈர மசியை உள்ளங்கையால் தேய்க்க ஆரம்பித்தாள். நட்சத்திரம் அழிந்து கறுப்பாய்ப் பரவியது. அவள் நிறுத்தவில்லை.

நான் கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பெரியவர் எதிரில் நின்றேன். "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு மச்சாண்டார். ஊரு பேரு தெரியாத யாவாரிகிட்டக்கூடத் துண்டப் போட்டுக் கேக்குறீக. பெத்த மககிட்ட ஒருதரம் கேளுங்க."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இந்தப் பொம்பளைகளின் வாயை அடைப்போம் என்றுகூட எண்ணியிருக்கலாம். மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டார். இடது கையில் ஜீப்பு அட்டையைப் பிடித்தார். வழக்கப்படி கூரையைப் பார்த்தார்.

மரகதம் பெட்டியிலிருந்து கையை எடுத்துத் துண்டுக்கடியில் நுழைத்தாள். பார்வை மலைப்பக்கம் இருந்தது. உடனே கையை உருவிக்கொண்டாள்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஜீப்பு என்றால் உயிரை விடுகிறவளாயிற்றே? அட்டையை இன்னும் கிட்டே நீட்டினார். மறுபடியும் கை உள்ளே போனது. மறுபடியும் வெளியே வந்தது.

அதற்குமேல் கேட்பது தொழில் மரியாதை இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பெரியவர் எழவில்லை. அட்டையைத் தரையில் கவிழ்த்து வைத்தார். துண்டுக்கடியில் இருந்த கையை மட்டும் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். எதையும் காட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. அந்தப் பேர்பெற்ற முகத்தில் தாடை ஆடியது.

நேரம் போயிற்று. மரகதத்தின் மசி படிந்த கை தரையோடு நகர்ந்து வந்து, தானாகத் துண்டுக்கடியில் போனது. இந்தமுறை முழங்கை அசையவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. வெயில் ஏறுகிறது, வெரசாகக் கிளம்பவேண்டும் என்று டிரைவர் குரல் கொடுத்தார். என் கணவர் குனிந்து அண்ணன் தோளைத் தொட்டு, எழுந்திருக்கச் சொன்னார்.

பெரியவர் தலையை நிமிர்த்தவில்லை. "எப்பிடிடா எந்திரிக்க? கைய விடமாட்டேங்கிறாளேடா."

சௌந்தரம் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.